எல்லார் பெயரும் மொசில்லா

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் குரோம் பிரவுசர் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது பொய் சொல்கிறது. எந்த இணையதளத்தின் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ‘யாரது?’ என்று கேட்பார்கள். பதிலுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். குரோம் அனுப்பும் வரி ‘மொசில்லா’ என்று ஆரம்பிக்கிறது. அடுத்து ‘ஆப்பிள் வெப்கிட்’ என்கிறது. ‘கெக்கோ மாதிரி’ என்று, மொசில்லா வீட்டு இன்ஜினின் பெயரைச் சொல்லி, ஓர் இழுவை. அதற்கப்புறம்தான் சொந்தப் பெயர். அதையும் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ‘சஃபாரி’ என முடிக்கிறது. கல்யாண மண்டப வாசலில் நிறுத்திக் கேட்டால், மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, சமையல்காரர் மச்சான், நாதஸ்வரக்காரர் தம்பி என்று வரிசையாக அவிழ்த்துவிடும் ஆசாமியின் பதில் இது.

சஃபாரியும் இப்படித்தான். எட்ஜும் இப்படித்தான். பந்தியில் இடம் பிடிக்க எல்லாப் பிரவுசரும் சொல்லும் பொய் ‘நான் மொசில்லா’. உண்மையிலேயே மொசில்லா வீட்டில் பிறந்த பிரவுசர் ஒன்று இருக்கிறது. இன்று அதை வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் தேறினால் அதிகம்.

இது ஒரு பழைய பங்காளிச் சண்டையின் மிச்சம். சண்டை போட்ட சொத்தின் விலை, ஆரம்பத்தைத் தவிர எப்போதுமே, பூஜ்யம்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1993-இல் மார்க் ஆண்ட்ரீசன் என்ற மாணவரும் எரிக் பினாவும் சேர்ந்து மொசைக் என்றொரு பிரவுசர் எழுதினார்கள். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1990-லேயே ஒரு பிரவுசர் எழுதியிருந்தார்தான். ஆனால் அது ஓடிய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரை வாங்க வசதி வேண்டும். மொசைக் சாதாரண ஜனங்களின் கம்ப்யூட்டரில் ஓடியது, எழுத்துக்கு நடுவிலேயே படமும் காட்டியது. படம் காட்டினால் கூட்டம் சேரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படிப்பு முடிந்ததும் ஆண்ட்ரீசனை, சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் கிளார்க் கொத்திக்கொண்டு போனார். 1994-இல் இருவரும் ஒரு கம்பெனி ஆரம்பித்து மொசைக் கம்யூனிகேஷன்ஸ் என்று போர்டு மாட்டினார்கள். ‘அது எங்கள் வீட்டுப் பெயர்’ என்று பல்கலைக்கழகம் சண்டைக்கு வந்தது. போர்டைக் கழற்றி நெட்ஸ்கேப் என்று மாற்றினார்கள். ஆனால் கம்பெனிக்குள் பையன்கள் அந்தப் பிரவுசரைக் கூப்பிட்ட செல்லப் பெயர் மொசில்லா. மொசைக்கைக் கடித்துத் துப்ப வந்த காட்ஜில்லா என்று அர்த்தம். தாய்வீட்டை இடிப்பேன் என்று பெயரிலேயே எழுதிக்கொண்டு பிறந்த பிள்ளை.

1995 ஆகஸ்ட் 9. லாபம் என்ற ஒன்றை அதுவரை காட்டியிராத நெட்ஸ்கேப், பங்குச் சந்தைக்கு வந்தது. 28 டாலருக்குக் கொடுத்த பங்கு அன்று சாயங்காலம் 58 டாலர் 25 சென்ட்டில் நின்றது. அடுத்த பிப்ரவரியில் டைம் பத்திரிகை அட்டையில் ஆண்ட்ரீசன், தங்கச் சிம்மாசனத்தில், செருப்புப் போடாத கால்களோடு. வயது 24. இந்த மாதிரிப் படம் அச்சானால் யாராவது ஒருத்தருக்கு வயிறு எரியும். எரிந்தவர் பெயர் பில் கேட்ஸ்.

நியாயமாகச் சொன்னால், அவர் அதற்கு முன்பே விழித்துக்கொண்டுவிட்டார். 1995 மே 26 அன்று ‘தி இன்டர்நெட் டைடல் வேவ்’ என்று தலைப்பிட்டுத் தன் அதிகாரிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: இணையம் என்று ஒன்று வருகிறது, நாம் தூங்கிவிட்டோம், நெட்ஸ்கேப் என்றொரு பையன் நம் வீட்டு முற்றத்தில் கடை போட்டிருக்கிறான். பிரவுசருக்குள்ளேயே எல்லா வேலையும் நடந்துவிட்டால் அடியில் விண்டோஸ் இருந்தால் என்ன, வேறு எது இருந்தால் என்ன? அதுதான் அவருடைய பயம். சரியான பயம். ஒரு இருபது வருடம் முன்னதாக வந்த பயம், அவ்வளவுதான்.

ஒரு பிரவுசரை உட்கார்ந்து எழுத நேரமில்லை. எனவே மைக்ரோசாஃப்ட் ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடம் போனது. மொசைக்கின் உரிமத்தை வைத்திருந்த சின்னக் கம்பெனி அது. கொஞ்சம் பணம் கையில், மீதி விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தம். ஸ்பைகிளாஸ்காரர்கள் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் விற்காத சரக்கு உண்டா? உண்டு என்று அப்புறம் தெரிந்தது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் ‘விற்கிற ஒவ்வொரு மாம்பழத்திலும் உங்களுக்குப் பங்கு’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பழத்தையெல்லாம் தெருவில் சும்மா வாரி வழங்கினால் குத்தகைக்காரனைச் சட்டப்படி என்ன செய்ய முடியும்? இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இலவசமாயிற்று. கடைசியில் சண்டை போட்டு 1997-இல் 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஸ்பைகிளாஸ் ஒதுங்கியது.

முதல் பொய் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். நெட்ஸ்கேப் புதுப்புது வித்தைகளைக் காட்ட, இணையதளக்காரர்கள் வாசலில் ஆள் போட்டார்கள். ‘மொசில்லா’ என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு நல்ல பக்கம், மற்றவருக்கு வெறும் பக்கம். எக்ஸ்புளோரர் வாசலில் நின்று பார்த்தது. தனக்கும் அந்த வித்தை தெரியும், ஆனால் இலை போட மறுக்கிறார்கள். உடனே தன்னை ‘மொசில்லா’ என்று அறிமுகம் செய்துகொண்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஒத்துப்போகிறவன்’ என்று போட்டுக்கொண்டது. நெட்ஸ்கேப்பைக் கொல்ல வந்தவன் நெட்ஸ்கேப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தான். அதன் பிறகு வந்தவர்கள் அத்தனை பேரும் இதே தடத்தில் நடந்தார்கள்.

எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பு 1997-இல் வந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோ விழாவில் குடித்துக் களித்த மைக்ரோசாஃப்ட் ஆட்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஆளுயரத்துக்கும் மேலான ஒரு நீல ‘இ’ எழுத்தைக் கொண்டுபோய் மவுன்டன் வியூவில் நெட்ஸ்கேப் அலுவலகப் புல்தரையில் இறக்கிவிட்டு வந்தார்கள். காலையில் வேலைக்கு வந்த நெட்ஸ்கேப்காரர்கள் அந்த எழுத்தைக் குப்புறத் தள்ளினார்கள். மேலே தங்கள் மொசில்லா டைனோசர் பொம்மையை ஏற்றி நிறுத்தினார்கள். அதன் கையில் ஓர் அட்டை: நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18. சந்தையில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்ற கணக்கு அது. டைனோசரைச் சின்னமாக வைத்தவர்கள் அந்த இனத்துக்கு என்ன ஆயிற்று என்று யோசித்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தக் கணக்கு வேகமாகத் தலைகீழானது. பெரும்பாலோர் சொல்லும் காரணம், விண்டோஸோடு ஒட்டிக் கொடுத்தார்கள் என்பது. உண்மைதான். வேட்டி வாங்கினால் துண்டு இலவசம் என்றால் துண்டுக் கடைக்காரன் பாடு என்ன? ஆனால் இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு மகா மட்டம். எக்ஸ்புளோரர் நான்கும் ஐந்தும் அதைவிட நல்ல சரக்கு. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே பின்னால் போய்த் தகவல் எடுத்துவரும் வித்தையைக்கூட எக்ஸ்புளோரர்தான் 1999-இல் முதலில் கொண்டுவந்தது. பின்னாளில் ஜிமெயில் அந்த வித்தையில்தான் ஓடியது. பிரவுசருக்குள்ளேயே எல்லா வேலையும் நடந்துவிடுமோ என்று பயந்தவர்கள், அதற்கான கயிற்றைத் தங்கள் கையாலேயே திரித்துக் கொடுத்தார்கள்.

அமெரிக்க அரசாங்கம் 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. அந்த வழக்கை நாடகமாகப் போட்டால் சபாக்களில் ஒரு வருடம் ஓடும். பில் கேட்ஸைக் கேமரா முன் உட்காரவைத்து விசாரித்தார்கள். ‘நெட்ஸ்கேப்பைப் பற்றி உங்களுக்குக் கவலை இருந்ததா?’ என்ற மாதிரிக் கேள்விக்கு, ‘கவலை’ என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினார். தான் எழுதிய கடிதங்களே ஞாபகமில்லை என்றார். அந்தப் படத்தை நீதிமன்றத்தில் ஓட்டியபோது நீதிபதியே சிரித்தார்.

அதைவிட அமர்க்களம் 1999 பிப்ரவரியில். எக்ஸ்புளோரரை விண்டோஸிலிருந்து பிரித்தால் கம்ப்யூட்டர் நொண்டும் என்று நிரூபிக்க மைக்ரோசாஃப்ட் ஒரு வீடியோ கொண்டுவந்தது. ‘இதோ, இந்தக் கம்ப்யூட்டரில் பிரித்துவிட்டோம், எப்படித் தடுமாறுகிறது பாருங்கள்’ என்று பின்னணிக் குரல். அரசுத் தரப்பு வக்கீல் டேவிட் பாய்ஸ் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சன்னலின் மேல்பட்டையில் இருக்கும் தலைப்பு, பிரித்த கம்ப்யூட்டரில் வர வேண்டிய மாதிரி இல்லை. மறுபடி பார்த்தால் திரையில் இருந்த படக்குறிகளின் எண்ணிக்கை காட்சிக்குக் காட்சி மாறுகிறது. கதாநாயகி வீட்டுக்குள் நுழையும்போது சிவப்புப் புடவை, ஹாலுக்கு வரும்போது பச்சைப் புடவை என்று பழைய படங்களில் வருமே, அதே கதை. ஒரே கம்ப்யூட்டரில் எடுத்த படம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்ஸன் 2000 ஜூனில், மைக்ரோசாஃப்ட்டை இரண்டாகப் பிள என்று உத்தரவு போட்டார். அத்தோடு நின்றிருக்கலாம். தீர்ப்புக்கு முன்பே பத்திரிகைக்காரர்களை ரகசியமாக உட்காரவைத்துத் தன் மனக்குறையையெல்லாம் கொட்டியிருந்தார். மைக்ரோசாஃப்ட்டை ரவுடிக் கும்பலோடும் கேட்ஸை நெப்போலியனோடும் ஒப்பிட்ட பேச்சு அம்பலமானது. மேல்நீதிமன்றம் 2001-இல் பிளக்கும் உத்தரவை ரத்து செய்து, நீதிபதியையும் வழக்கிலிருந்து இறக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஏகபோகத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பது மட்டும் நிலைத்தது. சமரசம் பேசி முடித்தார்கள்.

வழக்கு முடிவதற்குள், அடிபட்ட நெட்ஸ்கேப் கை மாறிப்போனது வேறு கதை. வழக்குப் போடுவதற்கு முன்பே நெட்ஸ்கேப் ஒரு காரியம் செய்தது. 1998 மார்ச் 31 அன்று தன் பிரவுசரின் சோர்ஸ் கோடை ஊருக்கே திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். சொத்தை மச்சான் பிடுங்கப் போகிறான் என்றால் கோயிலுக்கு எழுதிவைத்துவிடுவார்களே, அந்தப் புத்தி. வாங்கிப் பார்த்த ஊராருக்குத் தலை சுற்றியது. கோடு அத்தனை சிக்கல். சில மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வீட்டை இடித்து அஸ்திவாரத்திலிருந்து கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் சொல்லும் தேதிக்கு உலகெங்கும் ஒரே மரியாதைதான். ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை. 2000 கடைசியில் நெட்ஸ்கேப் நேராக ஆறு என்று ஒன்றை, பூச்சு காய்வதற்குள் வெளியிட்டது. குடியேறியவர்கள் மேல் சுண்ணாம்பு கொட்டியது.

நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற ஏ.ஓ.எல். நெட்ஸ்கேப்பை விலைக்கு வாங்கிவிட்டது. 1998 நவம்பரில் பேசிய விலை 420 கோடி டாலர். இதில் ரசிக்க ஒரு விஷயம் உண்டு. ஏ.ஓ.எல்.லின் விண்டோஸ் மென்பொருளுக்குள் பக்கங்களைக் காட்டிக்கொண்டிருந்தது எக்ஸ்புளோரர். நெட்ஸ்கேப்பை வாங்கிய பிறகும் அதை மாற்றவில்லை. கறவை மாட்டை வாங்கிக் கொட்டகையில் கட்டிவிட்டு, எதிர்வீட்டிலிருந்து தினம் பால் வாங்கிக் குடித்த பணக்காரர்கள். 2003-இல் மைக்ரோசாஃப்ட்டிடம் 75 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, நெட்ஸ்கேப்புக்காகத் தாங்கள் தனியாகப் போட்டிருந்த வழக்கை முடித்தார்கள். அந்த ஜூலையிலேயே நெட்ஸ்கேப் பிரிவைக் கலைத்தார்கள். மிச்சமிருந்த மொசில்லாப் பிள்ளைகள் கையில் 20 லட்சம் டாலரைக் கொடுத்து, ‘ஓர் அறக்கட்டளை வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள்’ என்று வழியனுப்பினார்கள்.

அப்போது எக்ஸ்புளோரர் கையில் சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. 2001-இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டுவிட்டு, பிரவுசர் என்ற பொருள் இத்தோடு பூர்த்தியாகிவிட்டது என்பதுபோலக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. ஐந்து வருடத் தூக்கம். கும்பகர்ணன்கூட ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுந்து சாப்பிட்டான்.

அந்த ஐந்து வருடத்தை நான் ஒரு பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் தடுப்பறையில் கழித்தேன். பொத்தான் அமுக்கினால் நீல ‘இ’ திறக்கும். கேட்ட பக்கத்தோடு கேட்காத நாலு சன்னல் குதிக்கும். நீங்கள்தான் பத்து லட்சமாவது பார்வையாளர், பரிசு காத்திருக்கிறது என்று ஒன்று மின்னும். அதை மூடினால் இரண்டு முளைக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி சன்னல் என்பதால் திரையின் அடிப்பட்டையில் வெற்றிலை அடுக்கிய மாதிரி வரிசை கட்டி நிற்கும். கடைக்கார அண்ணன் வந்து ‘தம்பி, என்னப்பா அமுக்கின?’ என்று என்னைத்தான் சந்தேகப்படுவார். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் போன பிள்ளைகள்கூட ஏதோ தப்புப் பண்ணிய முகத்தோடு வெளியே வந்த காலம்.

அன்றைய தமிழ்த் தளங்கள் கதை தனி. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. எழுத்துருவைப் பக்கத்தோடு தானாகவே இறக்கித் தரும் வித்தை ஒன்று இருந்தது. ஆனால் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை. பல பேர் எக்ஸ்புளோரருக்கு மட்டும் செய்துவைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். வேறு பிரவுசரில் திறந்தால் தலையங்கம் மந்திரத் தகடு மாதிரித் தெரியும். சரி, அந்தக் காலத்து அரசுத் தளங்களில் ‘எக்ஸ்புளோரரில் மட்டும் சிறப்பாகத் தெரியும்’ என்று அடியில் எழுதியிருந்ததை மட்டும் நாம் மறந்துவிட்டோமா என்ன? தென் கொரியாவில் வங்கிக் கணக்கைத் தொடவே எக்ஸ்புளோரரின் ஆக்டிவ்எக்ஸ் என்ற செருகுநிரல் வேண்டும் என்று வைத்துவிட்டு, அதிலிருந்து மீள இருபது வருடம் போராடினார்கள்.

இந்தத் தூக்கத்தின் நடுவில்தான் மொசில்லா வீட்டுத் திண்ணையில் சில பையன்கள் கூடிப் பேசினார்கள். டேவ் ஹையாட், பிளேக் ராஸ். ராஸுக்கு அப்போது வயது 17. பதினாலு வயதிலேயே நெட்ஸ்கேப்பில் பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளை. மொசில்லாவின் பெரிய பிரவுசரில் மின்னஞ்சல், பக்கம் எழுதும் கருவி, அரட்டை என்று ஏகப்பட்ட சாமான். ‘பிரவுசரை மட்டும் தனியாக எடுப்போம்’ என்றார்கள். 2002 செப்டம்பரில் முதல் பதிப்பு. செத்த சாம்பலிலிருந்து எழுந்ததால் ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஃபீனிக்ஸ் என்றே பெயர் கொண்ட கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று ஆட்சேபித்தது. ஃபயர்பேர்டு என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளம் இருந்தது, அவர்கள் கொதித்தெழுந்தார்கள். கம்பெனிக்காரன் வக்கீலை அனுப்புவான், ஓப்பன் சோர்ஸ்காரன் தானே வந்து திட்டுவான், வித்தியாசம் அவ்வளவுதான். 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்று மூன்றாவது பெயர். ஃபயர்ஃபாக்ஸ் என்பது நரியே இல்லை, சிவப்புப் பாண்டாவின் இன்னொரு பெயர். ஆனால் சின்னத்தில் வரைந்திருப்பது நரி. பெயர் வைப்பதில் இந்தக் குடும்பத்துக்கு ராசி கிடையாது.

நம் தமிழ் வலைப்பதிவர்கள் யோசிக்கவேயில்லை, ‘நெருப்புநரி’ என்று மொழிபெயர்த்துச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு நரி என்ன செய்தது தெரியுமா? பத்தியை இருபுறமும் ஓரம் சமன்செய்து அமைத்தால், தமிழை உடைத்துப் போட்டது. ஒற்றைக்கொம்பு ஓர் இடத்தில், எழுத்து ஓர் இடத்தில், துணைக்கால் அடுத்த ஊரில். ஜிலேபியைப் பிய்த்துத் தட்டில் பரப்பிய மாதிரி இருக்கும். எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தெரிந்தது. கொள்கைக்காக நரியும் வாசிப்பதற்காக எக்ஸ்புளோரருமாக இரண்டு அடுப்பு வைத்துச் சமைத்தவர்கள் பலர். 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்துதான் கொம்பு எழுத்தோடு சேர்ந்தது.

2004 ஜூனில் எக்ஸ்புளோரரின் ஓட்டை வழியே ஒரு விஷமம் பரவியபோது, அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே ‘வேறு பிரவுசரைப் பயன்படுத்துவதும் ஒரு வழி’ என்று எழுதியது. அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனாலும் காசு கொடுத்தார்கள். நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம். செலவு ரசிகர்கள் மொய் எழுதியது. மொய் எழுதிய சுமார் 10,000 பேரின் பெயரையும் பொடி எழுத்தில் அச்சடித்தார்கள். எழுதியதை எல்லாரும் பார்க்க வேண்டாமா? மொய்யின் தத்துவமே அதுதானே. ஒரு வருடத்துக்குள் பத்துக் கோடி டவுன்லோடு. 2006-இல் ஆரிகன் மாநிலத்தில் ஒரு மாணவர் கூட்டம் ஓட்ஸ் வயலை மிதித்து மிதித்து இருநூறு அடிக்கு மேல் அகலமான நரிச் சின்னம் வரைந்தது. ஒரு மென்பொருளுக்காக விளைந்த பயிரை மிதிப்பார்கள் என்றால் அது ரசிகர் மன்றமேதான். பாலாபிஷேகம்தான் பாக்கி.

மூன்றாம் பதிப்பு வந்த 2008 ஜூனில் கின்னஸ் சாதனைக்கு நாள் குறித்தார்கள். நேரம் வந்ததும் கூட்டம் முட்டி மோத, மொசில்லாவின் தளமே படுத்துவிட்டது. எழுப்பி உட்காரவைத்து, 24 மணி நேரத்தில் 80,02,530 டவுன்லோடு காட்டி, சாதனைப் புத்தகத்தில் ஏறினார்கள்.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? கேக் அனுப்பியது. ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்த மூன்றே மாதத்தில் எக்ஸ்புளோரர் ஏழு வருகிறது என்று அறிவித்து, கலைத்த குழுவை மறுபடி கூட்டியிருந்தார்கள். அந்தக் குழு, 2006 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு வெளியானதும், வாழ்த்து எழுதி, ‘அன்புடன்’ என்று போட்டு, நீல ‘இ’ வரைந்த கேக் ஒன்றை மொசில்லா அலுவலகத்துக்கு அனுப்பியது. விஷம் கலந்திருக்குமா என்று ஒரு கோஷ்டி சிரித்தது. பதிலுக்கு மொசில்லாவும் ஒரு கேக் அனுப்ப வேண்டும், ஆனால் செய்முறையையும் சேர்த்தனுப்ப வேண்டும் என்றது இன்னொரு கோஷ்டி. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. மூன்றாம் பதிப்புக்கும் கேக் வந்தது. நான்குக்கும் வந்தது. அதன் பிறகு மொசில்லா சில வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்று அவசரப்பட ஆரம்பித்தது. ஐந்தாம் பதிப்புக்கு வந்தது ஒரு குட்டிக் கப்கேக். மாதாமாதம் காதுகுத்து வைத்தால் சம்பந்தி எத்தனை சீர்தான் செய்வார்?

சாவு வீட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் மரியாதை குறைக்கவில்லை. 2010 மார்ச்சில் டென்வர் நகரில் ஒரு வலை வடிவமைப்பு நிறுவனம் எக்ஸ்புளோரர் ஆறுக்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கு நடத்தியது. மைக்ரோசாஃப்ட் மலர்க்கொத்து அனுப்பியது, தன் பிள்ளையின் கருமாதிக்கு. அதே வருடம் அவர்களுடைய ஆஸ்திரேலியக் கிளை, ஒன்பது வருடப் பழைய பாலைக் குடிப்பீர்களா, அப்புறம் ஏன் ஒன்பது வருடப் பழைய பிரவுசர் என்று விளம்பரமே செய்தது.

இதுவரை கதை கேட்டவர்கள், இலவசமாகக் கொடுக்கும் நரிக்குச் சோறு யார் போட்டது என்று கேட்டிருக்க வேண்டும். கூகுள். பிரவுசரின் மூலையில் இருக்கும் தேடல் பெட்டியில் கூகுளை வைத்ததற்காக வந்த பணம். 2006-இல் மொசில்லாவின் வருமானத்தில் சுமார் 85 விழுக்காடு அங்கிருந்துதான். அந்த நாளில் கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட், சொந்தப் பிரவுசர் வேண்டவே வேண்டாம் என்று ஆறு வருடம் தடுத்துக்கொண்டிருந்தார். பழைய சண்டையில் அடிபட்டவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் வேலை பார்த்த பென் குட்ஜர், டேரின் ஃபிஷர் போன்றவர்கள் ஏற்கெனவே கூகுளின் சம்பளப் பட்டியலுக்கு மாறியிருந்தார்கள். 2008 ஆகஸ்ட் கடைசியில் மொசில்லாவோடு ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்கு நீட்டியது கூகுள். செப்டம்பர் 2 அன்று குரோம் வெளியானது. இடையில் ஒரு வாரம்கூட இல்லை. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இங்கே கடாவின் மார்பில் தீனி போட்டவரே பாய்ந்தார்.

அந்தக் குரோமை முன்னின்று கொண்டுவந்தவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. எனவே நெருப்புநரிக்குத் தமிழ்ப் பெயர் வைத்ததும் நம்மவர், குழி வெட்டியதும் நம்மவர். குரோமின் அடிக்கல் ஆப்பிளின் வெப்கிட். அதன் அடிக்கல், கே.டி.இ. என்ற ஓப்பன் சோர்ஸ் கூட்டம் எழுதிய கே.எச்.டி.எம்.எல். ஏகபோகத்தை உடைக்க ஊர் கூடித் தேர் இழுத்தது. தேரில் கடைசியில் ஏறி உட்கார்ந்தது வேறொரு சாமி.

ஒரு தரப்புக் கணக்கின்படி 2012 மே மாதம் குரோம் எக்ஸ்புளோரரைத் தாண்டியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரரைக் கைவிட்டு எட்ஜ் என்று புதிதாக ஒன்று செய்தது. அதுவும் எடுபடவில்லை. 2020 ஜனவரியில், குரோமின் திறந்த கோடான குரோமியத்தை எடுத்து, மேலே எட்ஜ் என்று லேபிள் ஒட்டியது. 2022 ஜூன் 15 அன்று எக்ஸ்புளோரருக்கு ஓய்வு கொடுத்தார்கள். தென் கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒருவர் காசு செலவழித்து அதற்குக் கல்லறைக் கல் நட்டார். மற்ற பிரவுசர்களை டவுன்லோடு செய்ய இவர் நன்றாக உதவினார் என்று கல்லில் பொறித்திருந்தது.

இப்போது நீதிமன்றக் கூண்டில் கூகுள். தேடலில் ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு. குரோமை விற்கச் சொல்லுங்கள், பிரவுசர்களுக்குக் காசு கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று அரசு கேட்டது. 2025-இல் மொசில்லாவின் நிதி அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறி, கூகுள் காசு நின்றால் ஃபயர்ஃபாக்ஸே நின்றுபோகலாம் என்றார். ஏகபோகத்தைக் கடித்துத் துப்பப் பிறந்த காட்ஜில்லா, ஏகபோகம் படியளக்காவிட்டால் பட்டினி என்று நீதிபதி முன் நின்றது. அந்தச் செப்டம்பரில் நீதிபதி குரோமையும் விற்கச் சொல்லவில்லை, காசு கொடுப்பதையும் அடியோடு நிறுத்தவில்லை. நரி பிழைத்துக் கிடக்கிறது.

பொய்யில் ஆரம்பித்தோம், அங்கேயே வந்துவிட்டோம். இன்றைய எட்ஜும் வாசலில் நின்று மொசில்லா, ஆப்பிள் வெப்கிட், கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி என்று முழு வரிசையையும் ஒப்பித்துவிட்டுக் கடைசியில்தான் சொந்தப் பெயரைச் சொல்கிறது. அதையும் முழுசாகச் சொல்ல முடியாது. முழுசாகச் சொன்னால் பழைய எட்ஜ் வந்துவிட்டது என்று நினைத்து, அதற்கென்று எழுதிவைத்த ஒட்டு வேலையையெல்லாம் தளங்கள் எடுத்து நீட்டும். எனவே ‘இ’, ‘டி’, ‘ஜி’ என்று மூன்றெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறது. எல்லாருடைய பெயரையும் சொல்லும் அந்த வரியில், மைக்ரோசாஃப்ட் தன் பெயரின் கடைசியில் விட்டுவிட்ட எழுத்து, அந்த நீல ‘இ’.